யாருக்கடா பேதி?

புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேருக்கு பிரெஞ்சு கவர்னர் காலம் தொட்டு ஆட்சியாளர்கள் வந்து வடம் பிடிப்பது வழக்கம். வடம் பிடிக்க இடம் கிடைக்காதவர்கள் மைக் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்த ஒரு தம்பி, "அடுத்து செம பெப்பியான பாட்டு!" என்று அலறினான்.

பக்கத்தில் இருந்த ஆயா பதறிவிட்டாள். "யாருக்கடா பேதி?"

"பேதி இல்ல ஆயா, பெப்பி. துள்ளலா, துடிப்பா இருக்கும்னு சொல்றான்."

"கேட்டா தெரியாதா? இதுக்கு ஒரு ஆளு எதுக்கு?"

பெப்பி என்ற சொல்லே நம் சரக்கு என்று விளக்க எனக்குப் பொறுமை இருந்தது. கேட்க அவளுக்கு இல்லை. ஆகவே நீங்கள் மாட்டினீர்கள்.

பெப்பரைக் கடித்தால் சுரீர் என்று ஒரு வேகம் வருகிறதல்லவா, அதை அமெரிக்கர்கள் 'பெப்' என்று நறுக்கி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழங்கவிட்டார்கள். அதன் வாலில் முளைத்ததுதான் பெப்பி. பெப்பருக்கு மூலம் லத்தீன், அதற்கு மூலம் கிரேக்கம், அதற்கும் முன்னால் வடமொழிப் பிப்பலி. பிப்பலி மிளகுகூட இல்லை, திப்பிலி! பிள்ளை பெற்றவளுக்கு ஆயா லேகியத்தில் இடித்துப் போடுவாளே, அதே திப்பிலி.

பண்டைய ரோமில் ஒரு பவுண்டு மிளகு 4 தினாரியஸ், திப்பிலியோ 15. காரத்தைத் தவிர இதில் என்ன இருக்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி அங்கலாய்த்தார். யாரும் வாங்குவதை நிறுத்தவில்லை.

இந்தப் பெருமையில் பங்கு கேட்க எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். மிளகு மேற்குக் கரைச் சரக்கு. எங்கள் பக்கத்து அரிக்கமேட்டில் செய்தது பாசிமணி. ஆனால் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல் கிடைத்தது. வெளிநாட்டுச் சரக்கு இறக்குவதில் புதுச்சேரிக்கு 2,000 வருட சீனியாரிட்டி. இதை யாரும் மறுக்க முடியாது.

அமெரிக்கக் கண்டமும் நமக்கு ஒன்று அனுப்பியது, போர்த்துக்கீசியர் மூலமாக: மிளகாய். வந்த இடத்தில் மிளகின் பெயரையே வாங்கிக்கொண்டு, மிளகை ரசத்துக்கும் பத்தியத்துக்கும் தள்ளிவிட்டு, மீன் குழம்பில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. காரம் இங்கே வந்தது, பெயர் அங்கே போனது. கணக்கு நேர்.

பெப்பிக்கு அகராதியில் பொருள் தேடாதீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கொஞ்சம் திப்பிலி வாங்கி, சுக்கும் மிளகும் சேர்த்துக் கஷாயம் வைத்து ஒரு மடக்குக் குடியுங்கள். தொண்டையே சொல்லும்.