பொழுது போகலைன்னா பண்டாரவளைக்கு வா

"சித்திரைக்கு அங்க வந்தா எப்படிப் பொழுது போகும்"னு போன்ல கேட்டியாமே பேராண்டி, உன் பாட்டி சொன்னா. எனக்குக் காது மந்தந்தான். ஆனா இந்த மாதிரிச் சங்கதி மட்டும் எப்படியோ வந்து விழுந்துருது. காலையில கடைக்குள்ள பூந்து ராத்திரி வெளிய வர்ற கொழும்புப் புள்ள நீ. பொழுதுன்னு ஒண்ணு இருக்கறதே உனக்கு மறந்திருக்கும். அதனால விவரமாச் சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல, ரயில் ஓடுற நாளாப் பாத்து ரயில்ல வா. இந்தப் பாதை பண்டாரவளைக்கு வந்தது 1894-ல. இங்கேருந்து பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924-ல. இருபது மைலுக்கு முப்பது வருஷம்! நடுவுல ஒன்பது வளைவுப் பாலம் கட்டணும், தெமோதரையில பாதையை வளைச்சு ஸ்டேஷனுக்கு அடியிலேயே நுழைக்கணும்னு எஞ்சினியருமாரு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க. எனக்கென்னமோ, நம்ம ஊருக் காத்துல உக்காந்த இரும்புக்கும் எழும்ப மனசு வரலைன்னுதான் தோணுது. நீயும் வந்தா அவசரப்பட்டு டிக்கெட் போடாத.

உன் சிநேகிதமாரெல்லாம் வசந்தம் பாக்க நுவரெலியாவுக்குப் போறாங்களாம். போகட்டும். அங்க ஏப்ரல்ல பூக் கண்காட்சி, குதிரைப் பந்தயம், ரூமுக்கு மூணு மடங்கு வாடகை. ஆறாயிரம் அடிக்கு மேல ஏறி, வாங்கின குல்லாவை மாட்டிக்கிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு பூவைப் பாத்துட்டு எறங்குவாங்க. நமக்கு நாலாயிரம் அடியே போதும். வெட்டாம விட்ட முருக்கு மரம் பங்குனியில இலையை உதுத்துட்டு செவப்பாப் பூத்து நிக்கும். லயத்து வாசல்ல பால்மா டின்னுல உன் பாட்டி வச்ச டேலியா மொட்டு விட்டிருக்கும். வேலியும் இல்ல, டிக்கெட்டும் இல்ல. பறிச்சா மட்டும் பாட்டி கையால ஒண்ணு விழும்.

வந்த மறுநாள் அஞ்சரைக்கு எழும்பு. மொறைக்காத. பெரட்டுக்குத் தப்படிச்சு எழுப்பின காலத்துல எழும்பினவன் நான். சாயத்தண்ணி வச்சுத் தருவா பாட்டி. சீனியை அதுல போட்டுக் கலக்கிறாத, உள்ளங்கையில வச்சுக்க. ஒரு நக்கு, ஒரு மொடக்கு. கலக்கிக் குடிச்சா இனிப்பைச் சீனி முடிவு பண்ணும், கையில இருந்தா நாக்கு முடிவு பண்ணும். கச்சான் காத்துல காஞ்ச கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலைன்னு உலகமெல்லாம் பேரு. ஜூலையிலேருந்து செப்டெம்பர் வரைக்கும் எடுக்கறது. அது ஏலத்துக்குப் போயிரும். நமக்கு வர்றது அடியில தங்குன தூளு. அதுவும் நல்லாத்தான் இருக்கும். வேற எதையும் குடிச்சுப் பாத்திருந்தாத்தானே குறை தெரியும்?

அப்புறம் ரொட்டி, கட்டச் சம்பல். கேஸ் அடுப்புல சுட்டா அது ரொட்டி இல்ல, வட்டமா ஒரு பிஸ்கட்டு. வெறகுல சுடணும். அதுக்குக் கவ்வாத்து மலையில தேயிலை மிலாறு கெடக்கு. நீயே போய் ஒரு கட்டுக் கட்டித் தலையில வச்சு எறக்கிட்டு வந்து, அந்த நெருப்புல சுட்ட ரொட்டியைத் தின்னு பாரு. இந்தச் சுகத்தை உனக்குன்னே எடுத்து வச்சிருக்கேன். எனக்கு வேணும்னா முந்தாநாளே போயிருக்க மாட்டேனா?

இன்னொரு சுகம் மண்வாசனை. பங்குனி வெயில்ல காஞ்ச மண்ணுல மத்தியான இடி மழை ரெண்டு விழுந்துச்சுன்னா, லயத்துக்குப் பின்னாடி கெளம்பும் பாரு! ஆனா நின்னுக்கிட்டு மோந்தா பாதிதான் வரும். குனியணும். சும்மா குனிஞ்சா முதுகு பிடிக்கும், கையில மண்வெட்டி இருந்தா பிடிக்காது. ஒரு வெட்டுக்கு ஒரு மோப்பம். நாலு பாத்தி முடியறதுக்குள்ள கொழும்புப் புகையெல்லாம் நெஞ்சை விட்டு எறங்கிரும். பாத்தி வெட்டின மண்ணு வெறுசாக் கெடந்தா வாசனை நிக்காது. மாட்டுப்பட்டியிலேருந்து பத்துக் கூடை சாணி கொண்டாந்து கொட்டணும். அங்க நீ தூக்கறதுக்கு மாசாமாசம் காசு கட்டுறியாமே, ஜிம்முல. இங்க நான் உங்கிட்ட ஒத்தை ரூபா கேக்க மாட்டேன்.

சாணின்னதும் ஞாபகம் வருது. 2021-ல அரசாங்கம் ரசாயன உரத்துக்கு ஒரேயடியாத் தடை போட்டுச்சு. வெலிமடைப் பக்கம் கிழங்கும் கோவாவும் போட்டவங்க தலையில கை வச்சு உக்காந்தாங்க. தொரைமாருக்கும் தேயிலை மலையைப் பாத்துக் கலக்கம். எனக்கு ஒரு கலக்கமும் இல்ல. உரம் வாங்கக் காசிருந்தவனுக்குத்தானே தடை? நவம்பர்ல தடையை எடுத்தப்பவும் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல. மறு வருஷம் நாட்டுல சாப்பாட்டுக்கே பஞ்சம் வந்து, அரச உத்தியோகத்தருக்கெல்லாம் வெள்ளிக்கிழமை லீவு விட்டு வீட்டுத் தோட்டம் போடச் சொன்னாங்க. நல்ல யோசனை. எத்தனை பேரு மண்வெட்டியைத் தொட்டாங்கன்னு அந்த மண்ணைத்தான் கேக்கணும். உங்க சித்திக்கு யாரும் லீவு விடல. பகலெல்லாம் கொழுந்து எடுத்துட்டு வந்து, இருட்டுறதுக்குள்ள போஞ்சிக்குக் கம்பு நட்டா. லீவு இல்லாததாலதானோ என்னமோ, கொடி நல்லாப் பிடிச்சுச்சு.

குரங்கைப் பத்திப் பயப்படாத. அரசாங்கமே அதுங்களைக் கணக்கெடுத்திருச்சு. 2025 மார்ச் 15, காலையில எட்டு மணிக்கு, நாடு முழுக்க அவங்கவங்க வாசல்ல நின்னு குரங்கு, மயிலெல்லாம் எத்தனை நிக்குதுன்னு அஞ்சு நிமிஷம் எண்ணச் சொன்னாங்க. நானும் பேனையும் கையுமாக் காத்துக்கிட்டிருந்தேன். எட்டு அஞ்சு வரைக்கும் ஒண்ணையும் காணல. எட்டு ஆறுக்குக் கூட்டமா வந்து சவ்சவ் கொடியை இழுத்துப் போட்டுட்டுப் போச்சு. நேரம் தவறி வர்றதைப் பாத்தா அதுங்களும் ஏதோ கந்தோர்ல வேலை பாக்குதுன்னு நெனைக்கிறேன். அதனால நீ வந்ததும் ஒரு வேலை: தகர டப்பாவைத் தட்டிக்கிட்டு வரப்புல உக்காரணும். தப்படிக்கத் தெரியாத புள்ளைன்னு ஊர்ல நாலு பேரு உன்னைச் சொல்றாங்க. பழகின மாதிரியும் ஆச்சு.

"யாரோட தோட்டம் தாத்தா, பத்திரம் இருக்கா"ன்னு மட்டும் இங்க வந்து கேட்டு மானத்தை வாங்காத. நம்ம ஆளுங்க இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம்னு 2023-ல மேடை போட்டுப் பேசினாங்க, நானும் முன் வரிசையில உக்காந்து கைதட்டினேன். குடும்பத்துக்கு 7 பேர்ச் காணின்னு முன்னாடி பேச்சு நடந்துச்சு. ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச். மிச்சத்தை நீயே கணக்குப் போட்டுக்க, படிச்ச புள்ளை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் பத்திரம் பாத்து மொளைக்கறதில்ல, அதுவரைக்கும் நமக்கு லாபம்.

வேலையே செய்யாம உக்காந்து பாக்கணும்னு ஆசையா? அதுக்கும் வழி இருக்கு. அப்புத்தளைக்குப் போயி தம்பேதன்னைக்கு மேல ஏறு. லிப்டன் தொரை 1890-ல அந்தத் தோட்டத்தை வாங்கி, உச்சியில உக்காந்து மலையைப் பாத்துக்கிட்டிருந்தாராம். அந்த இடத்துக்கு அவரு பேரு, அவருக்கு அங்கயே ஒரு சிலை. அவருக்குக் கீழ மலையில நின்னவங்களுக்குச் சிலை வைக்க எடம் பத்தாதுன்னு விட்டுட்டாங்க போலருக்கு. நீ உக்காந்தா சிலை வைக்க மாட்டாங்க, வெயில்தான் வைக்கும். அதுக்கு நம்ம இஸ்தோப்பே மேல்.

இஸ்தோப்புல சாயங்காலம் உக்காந்தா ஊர்க்கதை பூராத் தானா வரும். மாசியில காமனை நட்டு எரிச்சோம். சாம்பல் ஆறுறதுக்குள்ள மேல்கணக்குல ரெண்டு கல்யாணப் பேச்சு. ஒண்ணுல உன் பேரும் அடிபடுது. பொண்ணு ஞாயித்துக்கிழமைச் சந்தையில அவங்க அப்பாவுக்குத் துணையா மரக்கறி விக்குறா. தராசு பிடிக்கற கை கோணாது. நான் ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை போஞ்சி மூட்டையைத் தூக்கிக்கிட்டு என்கூடச் சந்தைக்கு வந்தா நீயே பாத்துக்கலாம். மூட்டை இருபது கிலோதான்.

வரும்போது புதுச் சட்டை வாங்கியாராத, இங்க போடறதுக்கு நேரம் கெடைக்காது. பழைய காற்சட்டை ரெண்டு கொண்டு வா. மண்வெட்டிக்குப் பிடி கழண்டு போச்சு, கொழும்புல நல்லதா ஒண்ணு கெடைச்சா அதையும் வாங்கியா. என்னத்துக்குன்னு கேட்டு உன் பாட்டியைச் சிரிக்க வைக்காத, ஏற்கனவே அடுப்படியில நின்னு சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.