எத்தனை வாட்ஸ்?

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்திருந்தான். செருப்பைக் கழற்றினான், டிவிக்குக் கீழே இருந்த புதுக் கறுப்புப் பட்டையைப் பார்த்தான், "எத்தனை வாட்ஸ் மாமா?" என்றான். அக்கா எப்படி இருக்கிறாள், குழந்தைக்குச் சளி விட்டதா, ஒரு விசாரிப்பும் கிடையாது. "நூத்தி இருபது" என்றேன். உதட்டைப் பிதுக்கினான். "நம்ம வீட்ல ஆயிரம்" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் குடிக்கத் தண்ணீர் கேட்டான்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. சின்னக் குழந்தை இருக்கிற சின்ன வீட்டில் டிவிக்கு என்ன சவுண்ட் செட் வைக்கலாம் என்று உருப்படியாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். எதை வாங்கலாம் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் இந்த வாட்ஸ் விவகாரத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும்.

எங்கள் வீட்டு மிக்ஸி 750 வாட்ஸ். அதைப் போட்டால் மேடையில் இருக்கிற டம்ளர்கள் இடம் மாறும், கொப்பரை தூளாகும், அம்மா போனில் பேசுவதை நிறுத்துவாள். 750 வாட்ஸ் என்றால் அவ்வளவு. ஆனால் நம் எல்லோர் வீட்டிலும் ஒரு காலத்தில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்ததே, அதன் நெற்றியில் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டியிருக்குமே, 5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று. கிட்டத்தட்ட ஏழு மிக்ஸி. அதற்கு மின்சாரம் கொண்டுவந்த ஒயரோ சேமியா பருமன். அதைச் செருகியது 6 ஆம்பியர் பிளக். நம் ஊர் 230 வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 1380 வாட்ஸ் வரும்; அந்தப் பிளக் அதற்குமேல் தாங்காது. மீதி 3620 வாட்ஸ் எங்கிருந்து வந்தது? குலதெய்வம் கொடுத்திருக்க வேண்டும். கரண்ட் போனால் அதே பெட்டி ஆறு டார்ச் பேட்டரியில் ஓடியது. அப்போதும் 5000தான். ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டவில்லை.

இந்த பி.எம்.பி.ஓ. என்பதை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று ஒரு பொது விதி கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக ஒரு உச்சம் வந்துபோவதாக வைத்துக்கொண்டு, அதை எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, கம்பெனிக்காரர் தன் மனசாட்சி இடம் கொடுக்கிற அளவுக்குப் பெருக்கிக்கொள்வார். மனசாட்சி விசாலமாக இருந்தால் 5000. ஆர்.எம்.எஸ். என்று இன்னொரு கணக்கு உண்டு. தொடர்ந்து எவ்வளவு கொடுக்க முடியும் என்று சொல்வது. ஸ்டிக்கரில் அது இருக்காது. அட்டைப்பெட்டியின் அடிப்பக்கம், பெட்டியைக் கவிழ்த்தால் தெரிகிற எழுத்தில், 12 என்றோ 20 என்றோ இருக்கும்.

இந்த வியாதி கம்பெனிக்காரர்களால் மட்டும் வந்ததில்லை. 4440 போர்டு ஞாபகம் இருக்கிறதா? சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்து, ஊரில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்த ஒவ்வோர் அண்ணனும் ஆம்ப்ளி செய்தானே, அந்த எல்.ஏ.4440. சான்யோ கம்பெனி ஐ.சி. அதைச் செய்தவர்களே சொன்ன கணக்கு, இரண்டு சேனலாக ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் 6 வாட்ஸ், இரண்டையும் ஒன்றாக பிரிட்ஜ் செய்தால் 19. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் அதை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, நாலு கலர் பல்பு சேர்த்து, "நானூறு வாட்ஸ்" என்றார். நாங்கள் நம்பினோம். மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்து அவர் பாட்டுப் போட்டால் பேஸ் எதிர் வீட்டுத் திண்ணைவரை அதிரும். அந்தப் பானை மட்டும் நிஜம். பத்தொன்பது வாட்ஸை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே மயக்கிய மனுஷர், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த நானூறு, அங்கிருந்து கிளம்பி, ஒவ்வொரு கல்யாண வீட்டு சவுண்ட் சர்வீஸிலும் இரண்டாயிரம் மூவாயிரமாக வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியது.

சரி, மச்சினன் சொன்ன ஆயிரம் சத்தியமான ஆயிரம் என்றே வைத்துக்கொள்வோம். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்காகப் படவேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு வாட்ஸ் பத்து மடங்கு ஆக வேண்டும். என் 120-க்கும் அவன் 1000-க்கும் வித்தியாசம் 9 டெசிபல் சொச்சம். இரண்டு மடங்குகூட இல்லை! அதுவும் இரண்டு பெட்டியையும் முழுச் சத்தத்தில் வைத்தால்தான். குடும்பஸ்தன் எவன் வைக்கிறான்? பத்துக்குப் பதினாலு ஹாலில் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கிறவனுக்குச் செலவாவது பெரும்பாலான நேரம் ஒரு வாட், ஒன்றரை வாட். மீதி 998 வாட்ஸும் விருந்தாளிகளிடம் சொல்வதற்கு.

இதையெல்லாம் அவனிடம் காகிதத்தில் போட்டே காட்டினேன். பொறுமையாகக் கேட்டான். "அதெல்லாம் சரி மாமா. பேஸ் எப்படி?" என்றான்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன்.

சவுண்ட் செட் எதற்கு வாங்குகிறோம்? டிவி ஊமையாகிவிட்டதால். சாலிடேர், டயனோரா டிவி காலத்தில் மரப்பெட்டி, இழுத்து மூடுகிற கதவு, முன்பக்கம் ஸ்பீக்கர். செய்தி வாசிப்பவர் நம் முகத்தைப் பார்த்துப் பேசினார். இப்போது டிவி விரல் தடிமன். ஸ்பீக்கர் கீழே பார்த்தோ பின்னால் பார்த்தோ இருக்கிறது. கதாநாயகன் அம்மாவிடம் சொல்கிற ரகசியத்தைச் சுவரிடம் சொல்கிறான். போதாததற்குப் படத்தின் ஒலி கலக்கப்பட்டது தியேட்டருக்காக. அங்கே 5.1 என்றால் வசனத்துக்கென்று திரைக்கு நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. அத்தனையையும் இரண்டு பொடி ஸ்பீக்கருக்குள் திணித்தால் வசனம் நசுங்கிவிடும், குண்டு மட்டும் வெடிக்கும். ஆகவே நாமெல்லாம் ரிமோட்டைக் கட்டை விரலோடு ஒட்டவைத்துக்கொண்டு படம் பார்க்கிறோம். கிசுகிசுத்தால் முப்பத்தெட்டு, கார் பறந்தால் பதினொன்று. ஒரு நொடி தாமதித்தால் உள்ளே தொட்டிலில் இருந்து குரல் வரும். தொடர்ந்து சமையலறையில் இருந்தும் ஒரு குரல் வரும்.

இதற்கு மருந்து நடு ஸ்பீக்கர் இருக்கிற சவுண்ட்பார். பெட்டியின்மேல் 3.1 என்றோ 5.1 என்றோ போட்டிருந்தால் நடுவில் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம், 2.1 என்றால் இல்லை. நைட் மோடு என்று ஒரு பொத்தானும் இருக்கட்டும், வெடியைக் குறைத்து வசனத்தைத் தூக்கிவிடும். விஷயம் இவ்வளவுதான். ஆனால் கடையில் இதைக் காட்டமாட்டார்கள். ஹெலிகாப்டரைத்தான் காட்டுவார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அதே ஹெலிகாப்டர், அதே கண்ணாடி உடைகிற சத்தம். "அட்மாஸ் சார், சத்தம் தலைக்குமேல வரும்" என்றார் கடைப் பையன். 2012-ல் சிவாஜி 3டி படம் அட்மாஸில் வந்தபோது தியேட்டரில் கூரையிலேயே ஸ்பீக்கர் மாட்டினார்கள், அதில் ஒரு நியாயம் உண்டு. எங்கள் வீட்டில் தலைக்குமேல் சத்தம் போட ஏற்கெனவே ஒரு சீலிங் ஃபேன் இருக்கிறது. "தம்பி, சீரியல்ல மாமியார் மெதுவாத் திட்டுற மாதிரி ஏதாவது இருந்தாப் போடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார். மேனேஜர் வந்து ஹெலிகாப்டரை இன்னும் சத்தமாகப் போட்டார்.

ஐந்து பெட்டி ஹோம் தியேட்டரைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ஐந்து பெட்டி என்றால் ஐந்து ஒயர். ஒயர் என்றால் நடக்கப் பழகுகிற குழந்தைக்குப் பிடித்து எழுந்திருக்க ஒரு கயிறு. ஸ்டாண்டில் நிற்கிற ஸ்பீக்கர் அதன் தலையில்தான் விழும். கோன் வெளியே தெரிகிற ஸ்பீக்கரில் நடுவே ஒரு குமிழ் இருக்கும், அதைக் குழந்தை கட்டாயம் உள்ளே அமுக்கும். பெரியவர்களுக்கே கை பரபரக்கிற இடம் அது. துணி வலை போட்டிருந்தால் துணியோடு சேர்த்து அமுக்கும். இரும்பு வலையாகக் கேளுங்கள்.

சப்வூஃபரில் காற்று வெளியே வர ஒரு ஓட்டை உண்டு. எங்கள் வீட்டில் அது உண்டியல். ரஸ்க், கிரேயான், அம்மாவின் கண்ணாடி துடைக்கிற துணி எல்லாம் அதற்குள் போகும். ஒரு நாள் பேஸோடு கூடவே கடகடவென்று ஒரு சத்தம் வந்தது, உள்ளே இருந்தது புளியங்கொட்டை. ஓட்டை கீழே பார்த்திருக்கிற பெட்டி நல்லது. தாழ்ந்த பேஸ் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குத் தெரியாது, அதனால் சோபாவுக்குப் பின்னால் ஒளித்தும் வைக்கலாம். கீழ் வீட்டுக்காரருக்கு மட்டும் எந்தத் திசை என்று துல்லியமாகத் தெரியும். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணிமுதல் காலை ஆறுவரை 45 டெசிபல் என்கிற 2000-ஆம் வருஷத்து விதியை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஓய்வு பெற்றவர்களிடம் விதிகள் பத்திரமாக இருக்கின்றன.

சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்ல வேண்டும். சில சவுண்ட்பார்களோடு ஒல்லியாக ஒரு ரிமோட் தருகிறார்கள், உள்ளே பட்டன் பேட்டரி. நகத்தால் இழுத்தால் தட்டு வெளியே வந்துவிடுகிறது. அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். அரை அங்குலம் தடிமன் கூடினால் ஏ.ஏ.ஏ. பேட்டரி போடலாம், ஒரு திருகாணி வைத்தால் மூடி திறக்காது. ஆயிரம் வாட்ஸ் கொடுக்க மனசு வருகிறவர்களுக்கு ஒரு திருகாணி கொடுக்க மனசு வரவில்லை. டிவியையும் சவுண்ட்பாரையும் எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கிற துளையில் இணைத்துவிட்டால் பெரும்பாலும் டிவி ரிமோட்டே சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். அந்த ஒல்லி ரிமோட்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், பக்கத்து வீட்டில் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

எந்த மாடல் வாங்கலாம் என்று கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். நான் பெயரைச் சொல்லி நீங்கள் கடைக்குப் போவதற்குள் அந்த மாடலை நிறுத்திவிட்டு வேறு எண் போட்டு விற்றுக்கொண்டிருப்பார்கள். கடைக்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்த் தரையில் இறக்கி விடுங்கள். மேனேஜர் முறைப்பார், பரவாயில்லை. அது எந்தப் பெட்டியின் ஓட்டையில் முதலில் கையை விடுகிறதோ, அந்தப் பெட்டியை மட்டும் வாங்காதீர்கள்.