தூரம் காட்டுற மிசினு

வாய்யா பேராண்டி, இப்படி உக்காரு. காட்டுப்பன்னி வேட்டைக்கு லேசரு வச்சுத் தூரம் காட்டுற மிசினு வாங்கலாமா வேணாமான்னு ஒரு மாசமா போனைத் தடவிக்கிட்டு இருக்கியாம்ல? அப்பத்தாதேன் சொன்னா. பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இம்புட்டு யோசிக்கலயாம். விலை என்னவாம்? பதினஞ்சாயிரமா? சரித்தேன். ஒரு வெள்ளாமைக்கு விதையும் உரமும் வாங்குற காசு.

அது எப்படி வேலை செய்யுதுன்னு நானும் கேட்டு வச்சிருக்கேன். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைச் சொடுக்குப் போட்டாப்புல அனுப்புமாம். போயி முட்டித் திரும்பி வர்ற நேரத்தை வச்சுக் கணக்குப் போடுமாம். வெளிச்சம் செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். 150 மீட்டருக்கு அங்கிட்டு நிக்கிற பன்னியைத் தொட்டுட்டுத் திரும்ப, ஒரு செகண்டைப் பத்து லட்சமாப் பங்கு வச்சா அதுல ஒரு பங்கு போதும். புத்தி உள்ளவன் பண்ணுன வேலை. குறை சொல்ல மாட்டேன். அம்புட்டு வெரசா அளந்துட்டு, மிச்ச நேரத்துல நீ என்ன பண்ணப் போற?

அமெரிக்காக்காரனுக்கு அது வேணும்யா. அவன் மலையில நின்னு பள்ளத்தாக்குக்கு அங்கிட்டு நிக்கிற பெரிய மானைச் சுடுறவன். துப்பாக்கிக் குண்டு நேராப் போறாப்புலதேன் தெரியும். போகப் போகக் கீழ இறங்கும். 200 மீட்டர்ல ஒரு இறக்கம், 400 மீட்டர்ல ரொம்ப இறக்கம். கணக்குத் தப்புனா மானுக்கு வயித்துல பட்டு, நாள் முச்சூடும் கிடந்து சாகும். வில்லு வச்சிருக்கவனுக்கு இன்னும் மோசம். 30 கஜத்துக்கும் 40 கஜத்துக்குமே அம்பு விழுற இடம் மாறிப்போகும். அவனுக்கு லைசென்சு உண்டு, சீசன் உண்டு, இத்தனை மிருகந்தேன்னு கணக்கும் உண்டு. உனக்கு என்னய்யா உண்டு? பச்சையும் மண்ணுமாப் புள்ளி போட்ட கால்சட்டை ஒண்ணு உண்டு. சித்திரை மாசத்துல நம்ம கரிசக்காட்டுல முள்ளுச்செடியை விட்டாப் பச்சையே இல்ல. அதைப் போட்டுக்கிட்டு நீ எதுக்குள்ள போயி ஒளியப் போற?

அந்தப் பெட்டி மேல 1000 மீட்டர்னு போட்டிருக்கும். பளபளன்னு இருக்க போர்டை அளந்தாத்தேன் அந்த 1000. ரோமம் மூடுன மிருகத்துக்கு அதுல பாதி எட்டுனாலே பெரிசு. இன்னொரு வேடிக்கை கேளு. குண்டாத்தங்கரையில ஆரம்பிச்சு நரிக்குடி வரைக்கும் எங்க பாத்தாலும் சீமைக்கருவேலம். பன்னி அந்த மூட்டுக்குள்ளதேன் பகல் பூரா படுத்துக் கிடக்கு. நீ பன்னியைப் பாத்து அமுக்குவ. வெளிச்சம் முன்னால நிக்கிற முள்ளுல முட்டித் திரும்பிரும். மிசினு முள்ளுக்கு எம்புட்டுத் தூரம்னு சுத்தமாச் சொல்லும். அதைக் கேட்டு நீ முள்ளைச் சுடு.

பொழுதடைஞ்சா? ஊரு அடங்குன பொறவுதேன் பன்னி கடலைக்கொல்லைக்குள்ள இறங்கும். உனக்குப் பன்னியே தெரியாத இருட்டுல மிசினை எதைப் பாத்துப் பிடிப்ப? டார்ச்சு அடிச்சுப் பாக்கையில அது உனக்கு முப்பது அடியில நிக்கும். அப்ப தூரம் அளக்க நிப்பியா, ஓட்டம் பிடிப்பியா?

முக்குளத்துல பொறந்தவுக மருது பாண்டியர். வளரிங்கிற வளைஞ்ச எறிதடியை வீசுறதுல சூரருன்னு ஊரே சொல்லும். எந்த மிசினைப் பாத்து வீசுனாக? கல்லெறி தூரம், கூப்பிடு தூரம்னு நம்மகிட்ட ரெண்டு அளவு இருந்துச்சு. ரெண்டுக்கும் பேட்டரி கிடையாது. அந்தக் காலத்துல சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டைக்குப் போனவுகளும் அதை வச்சுத்தேன் போனாக. இப்பப் போனா வனத்துறை வண்டி முன்னால நிக்கும்.

ஆமா, சட்டம். அதைப் போன்ல தேடுனியா? தேடியிருக்க மாட்ட. 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். கொன்னாத்தேன் வேட்டைன்னு நெனைக்காத. கண்ணி வச்சாலும் வேட்டை, அதுக்காக வெரட்டுனாலும் வேட்டை, முயற்சி பண்ணுனாலும் வேட்டைன்னு எழுதியிருக்கு. மயிலைத் தொட்டா கொறஞ்சது 3 வருசம், 7 வருசம் வரைக்கும் உள்ள. காட்டுப்பன்னிக்கு 3 வருசம் வரைக்கும் செயிலு, இல்ல 1 லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. 2022-ல திருத்தி அபராதத்தை ஏத்திட்டாக. வேட்டைக்குக் கொண்டுபோன வண்டி, ஆயுதம், கருவி எல்லாத்தையும் பிடிச்சு அரசாங்கச் சொத்தாக்கிருவாக. உன் பதினஞ்சாயிரம் ஏதாவது ஆபீசு பீரோவுல தூங்கும். அங்க இருந்து உன் வீட்டுக்கு எம்புட்டுத் தூரம்னு அளக்க ஒருத்தனும் வர மாட்டான்.

திருச்சுழிக்காரன்யா நீ. 1879-ல ரமணர் பொறந்த ஊரு. அவரு திருவண்ணாமலையில லட்சுமிங்கிற பசுவுக்குச் சமாதி கட்டுனவரு. நீ மிருகத்துக்குத் தூரம் பாக்க மிசினு தேடுற. நல்லா இருக்கு.

பன்னி அழிக்கிறது நெசந்தேன். மக்காச்சோளத்தை ஒரே ராத்திரியில சாச்சுப் போடுது, நான் இல்லைங்கல. அதுக்குத்தேன் 2025 சனவரியில அரசாங்கம் ஒரு வழி சொன்னுச்சு. காப்புக்காட்டு எல்லையில இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக்கூடாது. 1-ல இருந்து 3 வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும். 3 கிலோமீட்டருக்கு மேல வந்தா சுடலாம். யாரு சுடலாம்? வனத்துறை ஆளு சுடலாம். நீ இல்லய்யா, நீ மனுக் குடுக்கலாம். ஆக இந்த விசயத்துல அளக்க வேண்டிய தூரம் ஒண்ணே ஒண்ணுதேன், அந்த 3 கிலோமீட்டர். உன் மிசினுக்கு 1 கிலோமீட்டரைத் தாண்டிக் கண்ணு தெரியாது. அவுக மேப்பை வச்சுப் பாத்துக்கிருவாக, விடு.

அதுவரைக்கும் என்ன பண்றதுன்னு கேளு. கிழவிக கட்டிக் கிழிச்ச சேலை வீட்டுக்கு வீடு கிடக்கு. பொழியைச் சுத்திக் கட்டு. பழகிப்போனா பன்னி அதையும் மதிக்காது, அதனால எடத்தை மாத்து, கலரை மாத்து. பிஞ்சையை ஒட்டி இருக்க கருவேல மூட்டை வெட்டு. படுக்க எடம் இல்லாட்டி அது தள்ளிப் போகும். பக்கத்துப் பிஞ்சைக்காரனோட மொறை வச்சுக் காவலுக்குப் போ, தகர டின்னைத் தட்டு. நாலு பேரு சேந்து பேசிக்கிட்டு இருந்தாலே பாதிப் பன்னி வராது. நாட்டு நாயி ஒண்ணு வளரு. ராசபாளையத்து நாயிக்கு 2005-ல தபால்தலையே போட்டிருக்காக. பன்னி பொழிக்கு வரயிலேயே குரைச்சிரும். ஆனா முயலுக்கு அவுத்து விட்டுறாத, அதுவும் வேட்டைக் கணக்குத்தேன்.

மோட்டார் ரூமுல இருந்து கம்பியில கரண்டை இழுத்து விடுறவன் பேச்சை மட்டும் கேக்காத. பன்னி தப்பிச்சுப் போயிரும். விடியக்காலம் தண்ணி பாய்ச்சப் போனவன் விழுந்து கிடப்பான். தீனிக்குள்ள வெடி வைக்கிற அவுட்டுக்காயும் வேணாம். அதைக் கடிச்சு வாய் கிழிஞ்ச பசுமாட்டைப் பாத்தவன் மறுவாட்டி அதைக் கையில தொட மாட்டான்.

என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? ஏற்கனவே ஆர்டர் போட்டுட்டியா? அட கிறுக்குப் பயலே. சரி, வரட்டும், பாப்போம். பங்காளிகூடப் பொழித் தகராறு இருக்கே, அதை அளக்கவாச்சும் ஆகும்னுதானே அடுத்து சொல்லப் போற? அந்த மிசினு ஒரு மீட்டர் முன்னபின்ன காட்டும்னு அதுலயே எழுதியிருக்கும், படிச்சுப் பாரு. நம்ம ஊருல அரை மீட்டருக்கே அருவா எடுக்குறான். அதுக்குச் சர்வேயர்கிட்டப் போ.