கோப்பைக்கு முன்னால் கழிப்பறை

கே: மாமா, பெங்களூரில் பெண்களுக்கு ஒரு லாக்ரோஸ் லீக் தொடங்கப் போகிறோம். முதலில் என்ன வாங்க வேண்டும்?
(ஐந்து தோழிகள், இந்திராநகர்)

ப: ஒரு காலண்டர். மட்டையை இரவல் வாங்கலாம்; ஞாயிற்றுக்கிழமையை யாரும் இரவல் தர மாட்டார்கள். அடுத்தபடியாக இன்னும் இரண்டு தோழிகளைத் தேடுங்கள். கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம், 1960 குறைந்தது ஏழு பேர் கையெழுத்துக் கேட்கும்.

கே: லாக்ரோஸ் என்றால் என்ன? பேரைக் கேட்டால் பேக்கரி ஐட்டம் மாதிரி இருக்கிறதே!
(அல்சூர் வாசகர்)

ப: வட அமெரிக்கப் பழங்குடிகளின் கொடை. நுனியில் வலை கட்டிய மட்டையால் ரப்பர் பந்தைப் பிடித்து, விழாமல் தாங்கிக்கொண்டு ஓடி, ஆறடிக்கு ஆறடி கோலுக்குள் வீச வேண்டும். வலை கட்டிய தொரட்டியால் மாங்காய் பறித்த பெண்களுக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும்.

கே: பெண்கள் இதை ஆட ஆரம்பித்தது எப்போது?
(பிரேசர் டவுன் ஆசிரியை)

ப: ஸ்காட்லாந்தின் செயின்ட் லெனார்ட்ஸ் பள்ளியில், 1890இல். அதன் முன்னாள் தலைமையாசிரியை லூயிசா லம்ஸ்டன் 1884இல் கனடா போனபோது இந்த ஆட்டத்தைப் பார்த்து வந்தார். அந்த ஒரு பயணத்தின் விளைச்சல், உலகம் முழுக்கப் பெண்கள் லாக்ரோஸ். டீச்சரம்மா, இந்தக் கோடை விடுமுறைக்கு எங்கே போவதாக உத்தேசம்?

கே: கோடிகள் புரளாமல் பெண்கள் விளையாட்டு நடக்குமா? நம் ஊரில் உதாரணம் உண்டா?
(ஜெயநகர் வாசகி)

ப: சின்னசாமி ஸ்டேடியத்தைக் கேளுங்கள், சொல்லும். இந்தியப் பெண்கள் முதல் டெஸ்ட் ஆடியது அங்கேதான். 1976 அக்டோபர் 31, எதிரே வெஸ்ட் இண்டீஸ். கேப்டன் சாந்தா ரங்கசாமி, மதராசில் பிறந்து பெங்களூருக்கே சொந்தமானவர். டீமை அனுப்பிய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973இல்தான் பிறந்தது. மூன்று வயதுக் குழந்தை டெஸ்ட் ஆடிய ஊரம்மா இது.

கே: அவர்களுக்குச் சம்பளம்?
(அதே வாசகி)

ப: விடமாட்டீர்கள் போல! முப்பது வருஷம் தள்ளி வந்து பார்ப்போம். 2005 உலகக் கோப்பையில் இறுதி ஆட்டம் வரை போன அணிக்கு, ஆட்டத்துக்கு 1,000 ரூபாய் கிடைத்ததாக மிதாலி ராஜ் சொல்லியிருக்கிறார். 2006இல் பிசிசிஐ பொறுப்பேற்றது. 2023இல் பெங்களூர் மகளிர் அணி மட்டும் 901 கோடிக்கு ஏலம் போனது. நடுவில் மந்திரம் எதுவும் நடக்கவில்லை. காசு வராத வருஷங்களிலும் ஆடினார்கள்.

கே: ஆர்சிபிக்கு முதல் ஐபிஎல் கோப்பை யாரால் வந்தது? பந்தயம் கட்டியிருக்கிறேன்.
(மல்லேஸ்வரம் கல்லூரி மாணவர்)

ப: ஐபிஎல் கோப்பை 2025இல், பதினெட்டாவது சீசனில் ஆண்களால். ஆர்சிபி வீட்டுக்கே முதல் கோப்பை 2024இல், மகளிர் லீக்கின் இரண்டாவது சீசனிலேயே ஸ்மிருதி மந்தானாவின் பெண்களால். பந்தயத்தில் யார் ஜெயித்தாலும், தங்கைக்கு ஒரு மசால் தோசை வாங்கிக் கொடுங்கள்.

கே: எத்தனை அணிகளோடு தொடங்கலாம்? எட்டு என்றால் கம்பீரமாக இருக்கும்.
(கோரமங்களா வாசகி)

ப: எல்லாரும் எல்லாரோடும் ஒரு முறை ஆட, எட்டு அணிக்கு 28 ஆட்டம், ஆறு அணிக்கு 15. வாரம் மூன்று ஆட்டமென்றால் ஆறு அணி ஐந்து ஞாயிற்றில் முடித்துவிடும். ஏழு வேண்டாம், வாராவாரம் ஒரு அணி வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்க்கும். கம்பீரம் அடுத்த வருஷம் தானே வரும், மெதுவாக வரட்டும்.

கே: மைதானத்துக்கு எங்கே போவது? ஒரு சதுர அடி என்ன விலை விற்கிறது தெரியுமா?
(ஒயிட்ஃபீல்டு ரியல் எஸ்டேட் ஆசாமி)

ப: வாங்கச் சொல்லவில்லை சாமி, வாடகைக்குத்தான். முழு லாக்ரோஸ் களம் 110 மீட்டருக்கு 60. ஆனால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆடப்போவது ‘சிக்ஸஸ்’: பக்கத்துக்கு ஆறு பேர், எட்டு நிமிஷக் கால்பகுதி நான்கு, களம் வெறும் 70க்கு 36. ஹாக்கி டர்ஃப் 91 மீட்டருக்கு 55. அதற்குள் சௌகரியமாக உட்காரும். ஒலிம்பிக்கே சின்ன வீட்டுக்குக் குடி போகிறது, உங்களுக்கு ஏன் பங்களா?

கே: மட்டை விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அணிக்குப் பன்னிரண்டு வீதம் ஆறு அணிக்கு 72 வேண்டுமே!
(அணி மேலாளர், பானசவாடி)

ப: ஆறு அணியும் ஒரே நேரத்திலா இறங்கப் போகின்றன? களத்தில் இரண்டு அணி. 24 மட்டை போதும். கல்யாணப் பாத்திரம் மாதிரி லீக்கே வாங்கி வைத்து, ஆட்டத்துக்கு ஆட்டம் கைமாற்றட்டும். கண் கவசத்தையும் கழுவி மாற்றலாம். பல் கவசம் மட்டும் அவரவர் சொந்தம். நட்புக்கும் ஒரு எல்லை உண்டு.

கே: சீசனை எப்போது வைப்பது?
(மகளின் பரீட்சைக்குப் பயப்படும் தந்தை)

ப: பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் கொட்டித் தீர்க்கும். மார்ச்சில் பரீட்சை. வானமும் வாத்தியாரும் விட்டுவைக்கிற இடைவெளி, நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை. பத்துப் பன்னிரண்டு ஞாயிறு. அதில் ஐந்தைத்தான் கேட்கிறோம், அப்பா. மீதியில் அல்ஜீப்ரா.

கே: சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதி கேட்டு ஒரு கம்பெனிக்குப் போனோம். “ஜெர்சியில் எங்கள் லோகோ எவ்வளவு பெரிசாக இருக்கும்?” என்கிறார்கள்.
(பொருளாளர், ஹெச்எஸ்ஆர் லேஅவுட்)

ப: தவறான லிஃப்டில் ஏறிவிட்டீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013இன் ஏழாம் அட்டவணை, ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான பயிற்சிக்கு சிஎஸ்ஆர் பணம் தர இடம் கொடுக்கிறது. விளம்பர ஆதாயத்துக்காகத் தரும் ஸ்பான்சர் பணம் சிஎஸ்ஆர் கணக்கில் சேராது, விதி தெளிவு. ஆகவே சிறுமிகளின் பயிற்சி முகாமுக்கு சிஎஸ்ஆர் மாடி, ஜெர்சிக்கு மார்க்கெட்டிங் மாடி. ஒரே கட்டடம்தான், பொத்தானைப் பார்த்து அழுத்துங்கள்.

கே: சிஎஸ்ஆருக்கு நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?
(அதே பொருளாளர்)

ப: பதிவுச் சான்று, வரிவிலக்குச் சான்றுகள், தணிக்கை செய்த கணக்கு, 2021 முதல் கட்டாயமான சிஎஸ்ஆர்-1 பதிவு. அதோடு, மூன்று வருஷம் தவறாமல் நடந்த போட்டிகளின் அட்டவணை. கடைசியில் சொன்னதை எந்த ஆடிட்டராலும் தயார் செய்து தர முடியாது.

கே: ஸ்பான்சர் எல்லா ஜெர்சியும் பிங்க் நிறத்தில்தான் வேண்டும் என்கிறார். “பெண்கள் லீக் அல்லவா?” என்று காரணமும் சொல்கிறார்.
(கேப்டன், காக்ஸ் டவுன்)

ப: ஆறு அணியும் பிங்க் என்றால் பாஸ் யாருக்குப் போகும்? மரியாதையாகச் சொல்லுங்கள்: சட்டைப்பை உங்களுடையது, சட்டை எங்களுடையது.

கே: ஒரு பெரிய ஸ்பான்சர் கிடைத்தால் நிம்மதிதானே?
(ஆர்.டி. நகர் வாசகி)

ப: ஒற்றைக்கால் கட்டிலில் தூங்கிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் யாரிடமும் வாங்காதீர்கள். தெருமுனை மெடிக்கல் ஷாப், கண் டாக்டர், தர்ஷினி ஓட்டல், ஆட்டக்காரிகளின் கட்டணம் என்று கால்கள் நிறைய இருக்கட்டும். ஒரு கால் ஆடினாலும் தூக்கம் கலையாது.

கே: ஐடி கம்பெனிப் பெண்ணுக்கும், வீட்டு வேலை செய்யும் அம்மாவின் மகளுக்கும் ஒரே கட்டணமா?
(ஆஸ்டின் டவுன் கோச்)

ப: கேட்டீர்களே, இதுதான் கேள்வி! முடிந்தவள் முழுசாகக் கட்டட்டும், முடியாதவள் ஒரு ரூபாய் கட்டட்டும். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பது பொருளாளரைத் தவிர ஒரு ஜீவனுக்கும் தெரியக்கூடாது. ரசீதின் நிறம் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

கே: கௌதம்புராவில் பெலேவுக்கே சிலை வைத்திருக்கிறோம். எங்கள் பெண்களுக்கு என்ன வழி?
(அங்கிருந்தே ஒரு அக்கா)

ப: அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா வரிசையில் பெலேவையும் நிற்க வைத்த தெரு உங்களுடையது. ‘குட்டி பிரேசில்’ என்று ஊரே சொல்கிறது. அங்கே பையன்கள் வீட்டு வாசலிலேயே பந்து கற்றார்கள். பெண்ணுக்கும் அதே வாசல் போதும், அக்கா. சாயங்காலம் ஒரு மணி நேரம் அவளைப் பாத்திரம் தேய்க்கக் கூப்பிடாதீர்கள். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

கே: ஊர் லீக்கில் ஆடி என்ன ஆகப்போகிறது?
(சலித்துப்போன ஒருவர், ராஜாஜிநகர்)

ப: கால்பந்தைப் பாருங்கள். கர்நாடக மகளிர் லீக்கில் ஆடும் கிக்ஸ்டார்ட் எஃப்சி, 2023இல் இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டம் வரை போனது. அங்கே கோகுலம் கேரளாவிடம் ஐந்து கோல் வாங்கினார்கள், உண்மைதான். ஐந்து கோல் வாங்கவும் முதலில் அந்த மைதானத்தில் போய் நிற்க வேண்டுமே!

கே: நடுவருக்குக் கட்டணம் உண்டா? சேவையாகச் செய்யச் சொல்லலாமா?
(செயலாளர், யெலஹங்கா)

ப: கோப்பைக்கு முன்னால் விசிலுக்குப் பணம் எடுத்து வையுங்கள். ஓசி விசில் சீக்கிரம் ஊமையாகும். முழங்கால் வலியால் ஆட்டத்தை விட்ட பெண்களை நடுவராக்குங்கள். அவர்களுக்கு எல்லாத் தில்லுமுல்லும் அத்துப்படி.

கே: வரவு செலவுத் திட்டத்தில் முதல் வரி எது? கோப்பையா, மட்டையா?
(பொருளாளரேதான், மூன்றாவது முறையாக)

ப: கழிப்பறை. ஒரு பெண்கள் போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். கழிப்பறைச் சாவி காவலாளியிடம், காவலாளி ஊரில். காலையிலிருந்து அந்தக் கேப்டன் பெண் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. இரண்டாம் பாதியில் கால் நரம்பு சுருட்டிக்கொண்டு விழுந்தாள். “டீஹைட்ரேஷன்” என்று எழுதினார்கள். “பூட்டு” என்று எழுதியிருக்க வேண்டும். தாழ்ப்பாள், தண்ணீர், நாப்கின், அதைப் போட மூடியுள்ள கூடை. இவை நாலும் இல்லாத மைதானம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கே: பாதுகாப்புக்கு சிசிடிவி போதுமா?
(கவலைப்படும் அம்மா, மர்பி டவுன்)

ப: கேமரா பார்க்கும், கேட்காது. 2013ஆம் ஆண்டுப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் ஸ்டேடியத்தையும் போட்டி நடக்கும் இடத்தையும் ‘பணியிடம்’ என்றே சொல்கிறது. பெண் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களோடு, வெளியாள் ஒருவரையும் சேர்த்துப் புகார்க் குழு போடச் சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் போக்சோ சட்டமும் உண்டு. குழுவின் போன் நம்பர், ஸ்கோர் போர்டை விடப் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

கே: பெண்கள் மைதானத்துக்கு வந்து போகிற செலவை யார் கொடுப்பது?
(கே.ஆர். புரம் வாசகி)

ப: கர்நாடக அரசு. 2023 ஜூன் 11 முதல் சக்தித் திட்டத்தில், இந்த மாநிலப் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம். பஸ் ஸ்டாப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் மைதானம் பிடியுங்கள். கார் நிறுத்த வசதி உள்ள மைதானம் கார் உள்ளவளுக்கு மட்டும்தான் மைதானம்.

கே: என் டீமில் கன்னடம், தமிழ், இந்தி மூன்றும் ஓடுகிறது. களத்தில் எந்த மொழியில் கூப்பிடுவது?
(சிவாஜிநகர் ஆட்டக்காரி)

ப: கன்னடத்தில் ‘பா’, தமிழில் ‘வா’, இந்தியில் ‘ஆ’. உதட்டை எப்படி வைத்தாலும் பந்து வந்துவிடும்.

கே: ஞாயிற்றுக்கிழமை நான் ஆடப் போனால் சமையல் யார் செய்வது?
(இரண்டு பிள்ளைகளின் தாய், விஜயநகர்)

ப: பசிக்கிறவர். பசியை மிஞ்சிய சமையல் வகுப்பு கிடையாது.

கே: மாமா, நாங்கள்தான், இந்திராநகர். இப்போது ஏழு பேர், சங்கம் பதிவாகிவிட்டது. முதல் ஞாயிறு மைதானத்துக்கு வந்தது பத்துப் பெண்கள். சிக்ஸஸுக்கே இரண்டு பேர் குறைவு. மானம் போகிறது, நிறுத்திவிடலாமா?

ப: 1973இல் புனேயில் பெண்களுக்கு முதல் தேசியக் கிரிக்கெட் போட்டி நடந்தபோது வந்தவை மூன்றே அணிகள்: பம்பாய், மகாராஷ்டிரா, உத்தரப் பிரதேசம். இத்தனை பெரிய தேசத்தில் மூன்று! “எல்லாரும் வரட்டும், பிறகு பார்க்கலாம்” என்று அவர்கள் கலைந்து போயிருந்தால் 1976இல் சின்னசாமியில் ஆட யார் இருந்திருப்பார்கள்?

பக்கத்துக்கு ஐந்து பேராக ஆடுங்கள். அடுத்த ஞாயிறு, பஸ்ஸை விட்டு இறங்கி, கேட்டைத் தயங்கித் திறந்துகொண்டு பதினோராவது பெண் ஒருத்தி எட்டிப் பார்ப்பாள். அப்போது மைதானம் காலியாக இருக்கக் கூடாது.