டிஷ்ஷுக்கும் ஒரு சீட்டு

டிவி பார்க்க வேண்டுமென்றால் மற்ற ஊர்க்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். தூத்துக்குடிக்காரர்கள் கடலைப் பார்ப்போம். 1982-இல் இலங்கையில் ரூபவாஹினி ஆரம்பித்தபோது சென்னை நிலையத்தின் அலை எங்கள் பக்கம் எட்டாது. அதனால் வசதி உள்ளவர்கள் மொட்டைமாடியில் இரும்புக் குழாயை ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டித் தென்கிழக்கே திருப்பினார்கள். சிங்களச் செய்தியை ஒரு வார்த்தை விளங்காமல் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த ஊர் இது. இன்று எங்கள் வீட்டு டிஷ் பார்க்கிற ஜிசாட்-15 கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. தூத்துக்குடியிலிருந்து அதுவும் தென்கிழக்குதான். ஆன்டெனா அடிவானத்தைப் பார்த்தது, டிஷ் ஏறக்குறைய 69 டிகிரி நிமிர்ந்து பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தப் பரம்பரைப் பித்து முற்றிப்போன ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருக்கிறார். அக்காவின் கணவர். செப்டம்பர் 14-ஆம் தேதி மணப்பாடு திருச்சிலுவை ஆலயத் திருவிழா. அதற்குச் சில நாள் முன்பே வேன் பிடித்துப் போய், அங்கே வீடு எடுத்துத் தங்குவது எங்கள் வழக்கம். பாய், தலையணை, அடுப்பு, அரிசி எல்லாம் கூடவே வரும். போன தடவை அத்தான் டிஷ்ஷையும் சேர்த்துவிட்டார்.

"திருவிழாக் கூட்டத்துல போன்ல வட்டம்தான் சுத்தும் மாப்ள. எங்கம்மா சீரியல் பாக்காம அங்க இருக்க மாட்டாங்க" என்றார். அத்தை ஜெபமாலையும் கையுமாக, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் செட்டாப் பாக்ஸின் ரிமோட் அதற்குள் அவர்கள் சுருக்குப் பைக்குப் போயிருந்தது.

டிஷ்ஷை எடுத்துப் போவதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: எதைக் கழற்றலாம், எதைக் கழற்றக் கூடாது. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கையை, அதன் நுனியில் அலையை வாங்கும் எல்.என்.பி.யோடு சேர்த்துக் கழற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் யாராவது அதில் பை மாட்டுவார்கள். பின்னால் இருக்கிற ஏற்றக் கோண நட்டை மட்டும் தொடவே கூடாது. தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு சாலை வழியில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிற செயற்கைக்கோளுக்கு இது ஒரு தூரமா? இந்த இடைவெளியில் ஏற்றக் கோணம் அரை டிகிரிகூட மாறாது. கம்பத்தைச் செங்குத்தாக நட்டுவிட்டு, டிஷ்ஷை இடவலமாக மட்டும் திருப்பினால் போதும்.

அத்தான் எல்.என்.பி.யை அப்படியே விட்டுவிட்டு, கோண நட்டைக் கழற்றினார். "மடக்கி வெச்சா எடம் அடைக்காது பாரு."

அறுபது சென்டிமீட்டர்த் தகடு எப்படி மடக்கினாலும் அதே இடத்தைத்தான் அடைக்கும் என்று அவரிடம் யார் சொல்வது? கேரியரில் வைத்தால் காற்று தூக்கும் என்று கடைசி சீட்டில் நிறுத்தினோம். முள்ளக்காடு தாண்டுவதற்குள் அதன் மேல் தலையணை ஏறிவிட்டது. ஆத்தூரில் ஒரு வெற்றிலைக் கட்டு. பார்ப்பதற்குத் தட்டு மாதிரி இருப்பதுதான் டிஷ்ஷின் ஜாதகக் கோளாறு. நம் ஆட்கள் தட்டைக் கண்டால் எதையாவது வைக்காமல் விட மாட்டார்கள். அது பிடிக்கிற அலையின் நீளமே இரண்டரை சென்டிமீட்டர்தான். தகடு சில மில்லிமீட்டர் நெளிந்தாலும் ஒரு புள்ளியில் குவிய வேண்டிய அலை ஊர்மேயப் போய்விடும். இதை விளக்க வாயெடுத்த எனக்கு ஒரு வெற்றிலை கிடைத்தது.

ஓடுகிற வேனிலேயே படம் தெரிய வேண்டும் என்று அத்தானுக்கு ஆசை. வ.உ.சி. துறைமுகத்துக் கப்பல்களின் மேல்தட்டில் வெள்ளைக் குமிழ் தெரியும், பார்த்திருப்பீர்கள். உள்ளே இருக்கிற டிஷ், கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மோட்டாரால் திரும்பிச் செயற்கைக்கோளை விடாமல் பிடித்துக்கொள்ளும். எங்கள் வேனில் மோட்டாருக்குப் பதில் அத்தான்தான் இருந்தார். பழையகாயல் வளைவில் அவரும் சாய்ந்து தூங்கிவிட்டார்.

குலசேகரப்பட்டினத்தில் விழித்துக்கொண்டார். 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர். "இனிமே சாட்டிலைட்ட நம்ம ஊர்ல இருந்துதான் விடப்போறாங்க. பக்கத்துலயே இருக்கோம்ல, சிக்னல் சும்மா அள்ளும்!" டிரைவர் தலையாட்டினார். குலசையிலிருந்து கிளம்பப்போவது சிறு ராக்கெட்டுகள். தெற்கே கடலுக்கு மேல் பறந்து துருவப் பாதைக்குப் போகிறவை. எங்கள் ஜிசாட்-15 மூவாயிரம் கிலோவுக்கு மேல் எடை. 2015 நவம்பரில் தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியன் ராக்கெட்டில் போனது. ஆனால் திருவிழாவுக்குப் போகிற வேனில் உண்மையைப் பேசி யாருக்கு என்ன லாபம்?

மணப்பாட்டில் வீட்டு முற்றத்து மணலில், வெல்டிங் பட்டறையில் செய்த முக்காலி இறங்கியது. அத்தான் டிஷ்ஷைப் பிடித்துக்கொண்டு சுற்றினார். உள்ளேயிருந்து அக்கா மகன் நேர்முக வர்ணனை: "வருது... வருது... போயிட்டுப்பா!" ஒரு டிகிரி பிசகினாலே மேலே அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் விலகிவிடும். அத்தான் மன்னார் வளைகுடா வானத்தை மொத்தமாகத் துழாவினார். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். முத்துக்குளிப்பவர்கள் மூச்சடக்கி மூழ்கும்போது, சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்வது அவர் வேலை. சுறா வராவிட்டால் பெருமை அவருக்கு. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டி பரம்பரை மட்டும் டிஷ் திருப்ப வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைசியில் சிக்னலைப் பிடித்தது அக்கா. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே, யாருக்கும் தெரியாமல், கோணம் காட்டும் அளவுகோலில் நெயில் பாலிஷால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்திருக்கிறாள். இருபது வருடக் குடும்ப வாழ்க்கை கற்றுக்கொடுத்த முன்ஜாக்கிரதை. நட்டைப் புள்ளிக்கு நேராகக் கொண்டுவந்து முறுக்கினாள். நூலில் சாவிக்கொத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் கம்பம் செங்குத்தா என்று பார்த்தாள். பிறகு டிஷ்ஷை மெல்ல நகர்த்தினாள். படம் வந்து நின்றது. "நான் முக்காவாசி கொண்டுவந்து வெச்சிருந்தேன்" என்றார் அத்தான்.

அடுத்தது காற்று. மணப்பாட்டுக் கச்சான் காற்றுக்கு டிஷ்ஷும் ஒரு பாய்தான். முக்காலி நகராமலிருக்க அத்தான் ஓர் உப்பு மூட்டையைத் தூக்கி வைத்தார். தூத்துக்குடியில் சல்லிசாகக் கிடைக்கிற கனமான பொருள் அதுதானே! கல்லுப்பு ராத்திரிப் பனியைக் குடித்துக் கசிந்தது, கசிவு இரும்புக் காலில் இறங்கியது. திரும்பி வருவதற்குள் முக்காலி செம்மண் நிறத்துக்கு வந்துவிட்டது. அதே சாக்கில், காலடியில் கிடந்த மணலை அள்ளிப் போட்டிருந்தால் செலவும் கிடையாது, துருவும் கிடையாது.

ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நட்டுகளுக்கு எண்ணெய் விட்டு, கேபிள் முனையிலுள்ள செம்புக் கம்பியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கட்டி வைக்க வேண்டும். இல்லையென்றால் உப்புக்காற்றில் அது பச்சை பூத்துவிடும். கேபிளையும் பெரிய வட்டமாகத்தான் சுருட்ட வேண்டும். இவ்வளவையும் செய்து டிஷ்ஷை மொட்டைமாடிச் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் அத்தை அதில் சாளைக் கருவாடு காயப்போட்டிருந்தார்கள். குழிவாக இருப்பதால் வெயில் நன்றாக விழுகிறதாம். அறிவியல்படி அதில் தப்பும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வருடம் மணப்பாட்டுக்கு வேன் பிடிக்கப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் ஓர் அத்தான் இருப்பார். டிஷ்ஷைத் தாராளமாக அவரிடம் கொடுங்கள், ஜன்னலோர சீட்டும் கொடுங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனரை மட்டும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.