தாய்ப் பத்திரம் இல்லாத சிகரெட்

எங்கள் சித்தப்பா பாளையங்கோட்டையில் பத்திர எழுத்தராக இருந்தவர். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லித்தான் தொழிலை விட்டார். சிகரெட் பெட்டியின் ஓரத்தில், விலைக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே பாதி அழிந்துபோய்க் கிடக்கும் மாதத்தையும் வருடத்தையும் பெட்டிக்கடை வாசலில் நின்றபடியே வாசிப்பதும் அதே கண்தான்.

தேதி பார்க்காமல் அவர் சிகரெட்டைத் தொடமாட்டார். அதற்காக முழுப் பெட்டி வாங்குகிறவர் என்று நினைக்க வேண்டாம். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சில்லறையில் விற்கிற சிகரெட்டில் தேதி இருக்காது என்பதால், அது எந்தப் பெட்டியிலிருந்து உருவப்பட்டதோ அதை எடுத்துக் காட்டச் சொல்வார்.

“தாய்ப் பத்திரத்தைப் பாக்காம எவனாவது மனை வாங்குவானா அண்ணாச்சி?”

“இருவது ரூவா சாமானுக்கு வில்லங்கம் பாக்கிய ஒரே ஆளு நீங்கதான் சார்வாள்” என்று கடைக்காரர் பெட்டியை நீட்டுவார்.

வில்லங்கம் அந்தப் பெட்டியின் முகப்பிலேயே, 2016 ஏப்ரலிலிருந்து முன்னும் பின்னும் 85 சதவீதத்தை அடைத்துக்கொண்டு, கலர் படத்தோடு இருக்கிறது. அதை அவர் கட்டைவிரலால் மூடிக்கொண்டுதான் தேதியைத் தேடுவார்.

சித்தப்பா பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. புகையிலையின் சுவை அதிலிருக்கும் ஈரப்பதத்தில் இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலில், தகரக் கூரைக்கடியில் மாதக்கணக்கில் கிடந்தால் காய்ந்து சருகாகி, பற்றவைத்ததும் மளமளவென்று எரிந்து தொண்டையைப் பிறாண்டும். மழைக்காலத்தில் நமுத்துப் பூசணம் பிடிக்கும். போதாததற்குச் சிகரெட் வண்டு என்று ஒன்று இருக்கிறது. செம்பழுப்பில், ஏறத்தாழ எள்ளளவில், சிகரெட்டில் குண்டூசித் துளை போட்டு வெளியே வரும். வீட்டில் கொத்தமல்லியிலும் மிளகாய் வற்றலிலும் மஞ்சளிலும் சித்தி புடைத்துக் கீழே தள்ளுவதும் இதே ஜாதிதான். எந்த எச்சரிக்கைப் படத்தையும் மதிக்காமல் புகையிலையைத் தின்றே பிள்ளைகுட்டிகளோடு செழித்து வாழும் பிராணி என்பதால், சித்தப்பாவுக்கு அதன் மேல் கோபத்தோடு கொஞ்சம் பொறாமையும் உண்டு.

தேதி அழிந்துபோயிருந்தாலும் அவர் கலங்கமாட்டார். படத்தை வைத்தே பெட்டியின் வயதைச் சொல்லிவிடுவார். இந்த வித்தை அவருக்கு அரசாங்கம் கற்றுக்கொடுத்தது. ஒரே படத்தைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்குப் பழகிவிடக் கூடாதென்று படத்தை அவ்வப்போது மாற்றுகிறார்கள் அல்லவா? எந்தத் தேதிக்குப் பிறகு தயாரானதில் எந்தப் படம் இருக்க வேண்டும் என்று அறிவிக்கையும் வருகிறது. பயமுறுத்த வந்த படம் இவர் கையில் காலண்டர் ஆகிவிட்டது. முதல் படங்கள் 2009 மே 31 அன்று வந்தன. அப்போது முகப்பில் மட்டும் 40 சதவீதம். 2011 டிசம்பரில் மாறிய படங்களில் ஒன்று, இங்கிலாந்து கால்பந்து அணித் தலைவர் ஜான் டெர்ரியை உரித்துவைத்த மாதிரி இருக்கிறது என்று அப்போது செய்தி அடிபட்டது. சித்தப்பாவின் கணக்கில் அது ‘கால்பந்துக்காரன் பெட்டி’. புகை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் அச்சாகியிருந்தால் 2018 செப்டம்பருக்குப் பிந்தியது. அந்த எண்ணைக் காலம் கணிப்பதற்குத் தவிர வேறு எதற்கும் அவர் பயன்படுத்தியதில்லை.

2022 டிசம்பரில் வந்த பெட்டி, புகையிலையால் வேதனையான சாவு வரும் என்றது. அடுத்த டிசம்பரில் அந்த வாசகம் போய், புகையிலை உபயோகிப்பவர்கள் சீக்கிரமே செத்துப்போவார்கள் என்று வந்தது. சித்தப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்று.

“இது நமக்குள்ள பெட்டி இல்ல அண்ணாச்சி. போன வருசத்துச் சரக்கு இருந்தா எடுங்க.”

“அதுல வேதனையான சாவுன்னு போட்டிருக்கே சார்வாள்?”

“பத்திர ஆபீஸ் வாசல்ல ஆயுசு பூராவும் உக்காந்தவனுக்கு வேதனை என்னவே வேதனை!”

பிப்ரவரி வந்தால்தான் இந்தத் தேதி ஆராய்ச்சி சூடுபிடிக்கும். 2017 முதல் பட்ஜெட் பிப்ரவரி ஒன்றாம் தேதி. நிதியமைச்சர் உரையை முடிப்பதற்குள் நம்மூர்ப் பெட்டிக்கடைகளில் சரக்கு மாயமாகிவிடும். மறுநாள் புது விலையில் அதே சரக்கு அவதரிக்கும். 2023 பட்ஜெட்டில், தேசியப் பேரிடர் நிதிக்கென்று சிகரெட் மேல் போடும் தீர்வையைச் சுமார் 16 சதவீதம் ஏற்றினார்கள். “நம்ம வீட்டுப் பேரிடர் டெல்லி வரைக்கும் தெரிஞ்சுபோச்சா?” என்றாள் சித்தி. சித்தப்பா மறுநாள் காலையிலேயே கடை வாசலில் ஆஜர்.

“இது டிசம்பர்ல போட்டது. எம்ஆர்பி பழசு. நேத்துப் போட்ட வரிய நீரு முந்தாநாத்துப் பெட்டிக்கு எப்படிவே வாங்குவீரு?”

தேதி, விலை, சட்டம், எல்லாம் இவர் பக்கம். அண்ணாச்சி பெட்டியைத் திரும்ப வாங்கி, ஒரே ஒரு சிகரெட்டை உருவிக் கண்ணாடிப் பரணி மேல் வைத்தார்.

“எம்ஆர்பி பொட்டிக்கில்லா சார்வாள்? நீங்க வாங்குதது ஒத்தச் சிகரெட்டு. இதுல எங்க எழுதியிருக்கு?”

அத்தனை பத்திரம் எழுதிய மனிதர் அன்று பதில் சொல்லாமல் சில்லறையை எண்ணிக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுப் பையன் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தபோதுதான் அவருடைய முழுத் திறமையும் வெளிப்பட்டது. அடியில் மாதமும் இல்லை, வருடமும் இல்லை. எழுத்தும் எண்ணுமாக ஏதோ ஒரு வரி. பல ஆலைகளில் வருடத்தின் கடைசி இலக்கத்தைப் போட்டு, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதை மூன்று இலக்கத்தில் எழுதும் வழக்கம் உண்டு என்று நான் வாய்விட்டேன். போதாதா? அன்று மத்தியானத் தூக்கம் இரண்டு பேருக்கும் போயிற்று. 4060 என்றால் நான்கில் முடிகிற வருடம், அறுபதாவது நாள். 2014 என்றால் மார்ச் ஒன்று. 2024 என்றால் லீப் வருடம், பிப்ரவரி 29. பத்து வருடத்துக்கு ஒருமுறை எண் திரும்பிவிடுகிறதே என்று நான் அலுத்துக்கொண்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “நம்ம பஞ்சாங்கம் மட்டும் என்ன வாழுதாம்? பிரபவ, விபவன்னு அறுவது வருசத்துல திரும்புது. விபவ வருசம் பொறந்தேன்னு ஒருத்தன் சொன்னா, 1928ல பொறந்த தாத்தாவா 1988ல பொறந்த பேரனான்னு மூஞ்சியப் பாத்துத்தான் சொல்லணும்.” பிறகு அந்தப் பெட்டியின் மூஞ்சியை வெகுநேரம் பார்த்தார்.

இத்தனை கூர்மையும் சிகரெட்டோடு சரி. குளிர்பெட்டிக் கதவில் அவருடைய இருமல் மருந்து ஒன்று நிற்கிறது. காலாவதியாகி ஒரு தீபாவளி போய்விட்டது. நான் எடுத்துக் காட்டியபோது, “மருந்துக் கம்பெனிக்காரன் யாவாரத்துக்காகத் தேதி போடுவான், அதெல்லாம் நம்பப்படாது” என்று இரண்டு மூடி ஊற்றிக் குடித்தார்.

சித்தப்பாவை மடக்க அண்ணாச்சிக்குக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது, அதுவும் நான் சொல்லித்தான். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள், பொட்டலத்தில் தயாரித்த மாதமும் வருடமும் போட வேண்டும் என்று எல்லோரையும் மிரட்டிவிட்டு, இரண்டு சாமான்களை ஒரே மூச்சில் விட்டுக்கொடுத்தன: பீடி, ஊதுபத்தி. இரண்டையும் ஒன்றாகக் கட்டிவைத்த அதிகாரிக்கு ரசனை இருந்திருக்க வேண்டும். அதிலும் பீடி எங்கள் ஜில்லாச் சரக்கு. மத்தியப் பிரதேசத்துக் காட்டு இலை மேலப்பாளையத்துக்கும் முக்கூடலுக்கும் வந்து, பெண்கள் மடியிலிருக்கும் முறத்தில் பீடியாகிப் போகிறது.

போன மாதம் பட்ஜெட் விலையில் நொந்துபோய் நின்றவரிடம் அண்ணாச்சி ஒரு பீடிக்கட்டை நீட்டினார். சித்தப்பா வாங்கி மேலே பார்த்தார், கீழே பார்த்தார், லேபிளின் ஓரத்தை நகத்தால் நெம்பி உள்பக்கமும் பார்த்தார்.

“தேதி எங்கவே?”

“நேத்து சாயந்தரம் மேலப்பாளையத்துல சுத்துனது சார்வாள். சந்தேகம்னா சுத்துன அக்காவையே கூட்டியாரேன், சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கிடுங்க.”