குட்டி யானைப் பராமரிப்பியல்: நொய்யல் கரை வழக்குகளை முன்வைத்து ஓர் ஆய்வு

டாடா ஏஸ் என்ற பெயரில் 2005 மே மாதம் விற்பனைக்கு வந்த சின்னச் சரக்கு வண்டியைத் திருப்பூரில் அந்தப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் புரியாமல் போகாது; கேட்டவர் வெளியூர்க்காரர் என்பதும் சேர்த்தே புரிந்துவிடும். இங்கே அது குட்டி யானை. வாடகைக்கு எடுப்பவர், ஓட்டுபவர், பின்னால் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டே திட்டுபவர் ஆகிய மூவரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இந்தப் பெயர்தான்.

இலக்கணப்படி இது வழு. தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர்களைப் பங்கு பிரித்துக் கொடுக்கும்போது குட்டி என்ற சொல்லைக் கீரி, காட்டுப்பூனை, எலி, அணில் ஆகிய நான்குக்கும் உரிமையாக்குகிறார். பிறகு நாய், பன்றி, புலி, முயல், நரி வரைக்கும் கொஞ்சம் தளர்த்துகிறார். யானைக்குத் தளர்த்தவில்லை. அதற்குக் கன்று உண்டு, குழவி என்ற பெயரும் உண்டு, குட்டி கிடையாது. மரபைக் காக்கும் பொருட்டு இந்த ஆய்வாளன் ஒருமுறை வண்டி ஸ்டாண்டில் போய், "குழவி யானை ஒன்று வாடகைக்கு வேண்டும்" என்று கேட்டதுண்டு. "ஆட்டுக்கல் குழவிங்களா? ஒரு கல்லுக்கு எதுக்குங்ண்ணா வண்டி, டிவிஎஸ்ல வெச்சுட்டுப் போயிரலாமே" என்று பதில் வந்தது. அன்றோடு இலக்கணத்தைக் கைவிட்டு வழக்கைப் பின்பற்றுகிறேன்.

விலங்கியல் நோக்கிலும் பெயர் பொருந்தாது. பிறந்த யானைக் கன்று ஏறத்தாழ 100 கிலோ இருக்கும். முதலில் வந்த ஏஸ் 750 கிலோ ஏற்ற அனுமதி பெற்றது. ஆக, சட்டப்படி ஒரு குட்டி யானையில் ஏழு குட்டி யானைகளை ஏற்றலாம், தாய்கள் ஆட்சேபிக்காத பட்சத்தில். உள்ளே 702 சி.சி. டீசல் எஞ்சின், இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். யானை வயிற்றுக்குள் பதினாறு குதிரை. வண்டி என்ற வகையில் அது தேர். பின்னால் ரோல்களின் மேல் உட்கார்ந்து வரும் இரண்டு லோடுமேன்கள் காலாள். தேர், யானை, குதிரை, காலாள் என்று நால்வகைப் படையும் ஒருங்கே அமைந்த இவ்வூர்தி, புஷ்பா தியேட்டர் சிக்னலில் பச்சை விழக் காத்திருக்கும் காட்சியைப் பழைய மன்னர் எவரும் காணவில்லை என்பது இலக்கியத்துக்கு இழப்பே.

ஆய்வுப் பொருள் எது என்று இனி வரையறுக்க வேண்டும். புது வண்டி ஆய்வுக்கு உரியதன்று. அதைப் பற்றி விற்பனையாளர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். பழைய வண்டியைப் பற்றி யாரும் எதையும் சொல்வதில்லை. அங்கேதான் ஆராய்ச்சி பிறக்கிறது. என் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் நிற்பது டி.என். 39 வரிசை எண் கொண்ட 2009 மாடல், நான் மூன்றாம் உரிமையாளன். திருப்பூர் வழக்கில் சொன்னால் செகண்ட்ஸ்.

செகண்ட்ஸ் வாங்குவது எப்படி என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட்டில் கழிந்த பனியனை வாங்குபவர் முன்பக்கப் படத்தைப் பார்ப்பதில்லை. சட்டென்று உள்பக்கம் திருப்பிக் கழுத்துத் தையலையும் தோள் மூட்டையும் பார்ப்பார். வண்டிக்கும் அதே முறைதான். பெயிண்ட் என்பது படம். சேசிஸில் எங்கே வெல்டிங் வைத்திருக்கிறார்கள், கதவோரத்தில் எங்கே பட்டி பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் தையல். இதை நன்கு அறிந்திருந்தும் நான் பெயிண்டைப் பார்த்து வாங்கினேன். ஆய்வாளனுக்கும் ஆய்வுக்கும் இடையே சற்று இடைவெளி இருப்பது நல்லது என்று முறையியல் நூல்கள் சொல்லும்.

ஆவணங்கள் இல்லாத இடத்தில் அகழாய்வே துணை. இதே நொய்யல் கரையில் கிழக்கே கொடுமணலில் அடுக்கடுக்காகத் தோண்டித்தான் மணிக்கற்களையும் இரும்பு உருக்கிய உலைகளையும் தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் எடுத்தார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவரும் பழைய பல் துலக்கும் பிரஷும் கொண்டு வண்டியின் லோடு தளத்தில், டிரைவர் பக்கத்து மூலையில், ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் குழி போட்டேன்.

மேலடுக்கில் கட்டிங் துணுக்கு, ஓவர்லாக் நூல், சைஸ் ஸ்டிக்கர். இது என் காலம். அதற்குக் கீழே தேங்காய் நார், எண்ணெய்ப் பிசுக்கு, கொப்பரைத் துகள்: இரண்டாம் உரிமையாளர் காங்கயம் பக்கம் கொப்பரைக் களத்துக்கு ஓட்டியிருக்கிறார். அதற்குக் கீழே இறகுகள். வெள்ளை, சின்னது, எண்ணிக்கை அதிகம். பல்லடம் கறிக்கோழி என்பதில் ஐயமில்லை, ஆர்.சி. புக்கைப் பார்த்தால் அப்போதும் முதல் உரிமையாளரே. ஏன் ஒரு திருப்பூர்க்காரர் திடீரென்று கோழிக்குப் போனார்? விடை கடைசி அடுக்கில் இருந்தது. தகரத்தையே பிடித்துக்கொண்ட நீலம், சிவப்பு, ஓர் இடத்தில் அழகான பாட்டில் பச்சை. சாயப்பட்டறைக்கு ஓடிய வண்டி. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் மறுபடி திறக்கலாம் என்றபோது, ஊரில் எத்தனையோ பேர் தொழில் மாறினார்கள். சாயம் நின்ற இடத்தில் கச்சிதமாக இறகு தொடங்குகிறது. நொய்யலின் வரலாறு ஒரு வண்டியின் மூலையில் இவ்வளவு துல்லியமாகப் படிந்து கிடப்பதைக் கண்டு சற்று நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். "ஏனுங்க, வண்டியக் கழுவறேன்னுதானே போனீங்க?" என்று வீட்டிலிருந்து குரல் வந்தபோது அகழாய்வு நிறைவுற்றது.

இனி மையக் கருதுகோளுக்கு வருவோம். பழைய வண்டி வைத்திருப்பவர் எவரும் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை: "நான் எல்லாத்தையும் வீட்டுலயே பாத்துக்குவேன்." இந்த வாக்கியத்தின் பொருள் என்ன?

இதைப் புரிந்துகொள்ளப் பனியனைப் பார்க்க வேண்டும். நூல் ஓர் இடத்தில் வாங்கி, நிட்டிங் இன்னோர் இடம், சாயம் வேறோர் இடம், காம்பேக்டிங் ஓர் இடம், பிரிண்டிங் ஓர் இடம், தையல் ஓர் இடம், சில சமயம் காஜா பட்டனுக்கு மட்டும் தனியாக ஓர் இடம். எல்லாம் ஜாப் ஒர்க். "நம்ம கம்பெனி சரக்கு" என்று முதலாளி பெருமையாகக் காட்டும் பனியனில் அவர் நேரடியாகத் தயாரித்தது பெரும்பாலும் ஃபோன் பேச்சு மட்டுமே. அதில் ஒன்றும் குறையில்லை, ஊரே அப்படித்தான் உலகத்துக்கு உடுத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடங்களுக்கு இடையே துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது குட்டி யானை. அது நின்றால் ஒவ்வொரு கட்டிடத்துக்குள்ளும் வேலை இருக்கும், பனியன் இருக்காது.

வண்டியை வீட்டிலேயே பார்த்துக்கொள்வதும் இதே ஜாப் ஒர்க் என்பதே என் முடிபு. என் வண்டியின் செல்ஃப் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போனது. சைலன்சர் வெல்டிங்குக்குப் போனது. ஒரு போல்ட்டின் மரை தேய்ந்து லேத்துப் பட்டறைக்குப் போனது. மட்கார்டு ஒடுக்கை, அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரம் தட்டிப் பழகிய ஒரு கை எடுத்துக் கொடுத்தது. அவ்வளவு நேர்த்தியான மட்கார்டு இப்போது வண்டியின் மற்ற பாகங்களை அவமானப்படுத்திக்கொண்டிருக்கிறது. ஏர் ஃபில்ட்டரைத் தெருக்கோடிப் பனியன் கம்பெனியில், மிஷினில் பஞ்சு ஊதும் ஏர் குழாயில் ஊதி வாங்கினேன். கதவுக் கீல் கிறீச்சிட்டதற்குப் பவர் டேபிள் எண்ணெய் இரண்டு சொட்டு. கிழிந்த சீட்டை மச்சான் மகன் ஓவர்லாக் அடித்து, ஷிப்மென்ட்டில் கழிந்த ஃபிளீஸ் துணியில் உறையும் தைத்தான். சீட்டில் உட்கார்ந்தால் முதுகில் ஏதோ வெளிநாட்டுக் கல்லூரியின் பெயர் பதிகிறது. நான் செய்தது என்ன? ஃபோன் செய்தேன். வீட்டிலேயே இருந்துதான் செய்தேன்.

இதில் ஒரு தர்க்கச் சிக்கல் உண்டு. கழற்றிய பாகங்களை ஊரெல்லாம் கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும். வண்டியோ கழன்று கிடக்கிறது. எனவே இன்னொரு குட்டி யானை வாடகைக்கு வருகிறது. டாப்சிலிப் அருகே கோழிகமுத்தி முகாமில் இப்படி யானையை அடக்க வரும் யானைக்குக் கும்கி என்று பெயர். கயிறு கட்டி இழுக்கும் வண்டிகளுக்கும் இந்தப் பெயரைப் பரிந்துரைக்கிறேன்.

மேம்படுத்துதல் குறித்துச் சுருக்கமாகச் சொல்வேன், ஏனெனில் சட்டமும் சுருக்கமாகவே சொல்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. லோடுமேன்கள் இதற்கு வேறு உரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு துணி ரோல் 25 கிலோ என்றால் 30 ரோலில் சட்டம் முடிகிறது. 31ஆவது ரோலில் இருந்து, "இன்னும் ரெண்டு பட்டை ஏத்துனா தாங்குமுங்" என்ற யோசனை தொடங்குகிறது. வண்டிக்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைதான். கூடுதல் பட்டை போட்டால் வண்டி தாழாது, உண்மை. ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் 12 அங்குல டயரும் பழைய கணக்கிலேயே இருக்கும். பட்டை ஏற்றிய வண்டி காலியாக ஓடும்போது ஓட்டுபவரின் முதுகெலும்பே ஐந்தாவது ஸ்பிரிங். நான் போடவில்லை. என் ஒரே மேம்பாடு நல்ல தார்ப்பாய். சாயம் போட்ட துணியில் மழை பட்டால் திட்டு விழும், பார்ட்டி டெபிட் போடுவார், அந்த டெபிட் ஒரு மாத வாடகையை விழுங்கும். எல்இடி விளக்கு வாங்குபவர்கள் முதலில் தார்ப்பாயின் ஓட்டையை வெயிலில் பிடித்துப் பார்க்கட்டும்.

அடுத்து, துடைத்தல். இதை மற்ற ஊர் நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. திருப்பூரிலிருந்து எழுதுபவன் அப்படிக் கடக்க முடியாது. மெக்கானிக் கடைகளில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் இங்கிருந்துதான் மூட்டை மூட்டையாகப் போகிறது. குட்டி யானை ரோலாகச் சுமந்த துணி, வெட்டி மிஞ்சிய துணுக்காகி, கடைசியில் அதே குட்டி யானையின் ஆயில் கேஜைத் துடைக்க வருகிறது. தரம் பிரிக்கத் தெரிய வேண்டும். முழுக் காட்டன் எண்ணெயைக் குடிக்கும். பாலியஸ்டர் கலந்தது எண்ணெயை இங்கிருந்து எடுத்து அங்கே பூசும். வெள்ளை வேஸ்ட் விலை கூடுதல், கலர் வேஸ்ட் மலிவு. அழுக்கு எங்கே இருக்கிறது என்று வெள்ளை காட்டிக்கொடுக்கும், கலர் மறைத்துக் காப்பாற்றும். எஃப்.சி. நெருங்கும் வாரத்தில் நான் கலர் பயன்படுத்துகிறேன்.

இறுதியாகப் பாட பேதச் சிக்கல். இந்த வண்டியின் மூலநூலாகிய ஓனர்ஸ் மேனுவல் முதல் உரிமையாளர் காலத்திலேயே மறைந்துவிட்டது. இன்று கிடைப்பவை உரைகளே. சென்ற ஆடியிலிருந்து வண்டியில் 'டொக் டொக்' என்றொரு சத்தம், பள்ளம் வரும்போதெல்லாம். அவிநாசி ரோட்டு உரையாசிரியர், "இது கிங் பின்னுங்ண்ணா" என்று மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. பல்லடம் ரோட்டு உரையாசிரியர் முன்னவரை மறுத்து, ஷேக்கிள் புஷ் என்று நிறுவி, அதையும் மாற்றினார். சத்தம் நிற்கவில்லை. மூன்றாமவர் பெரியவர், ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணுமில்ல சாமி, ரோடு அப்படி" என்றார். அவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தேன்.

பதினைந்து வருடம் தாண்டிய வண்டி இது. எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆயிரம் யானை கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்பது பாட்டியல் மரபு, எஃப்.சி. பார்க்கும் அதிகாரி அத்தனை குட்டி யானைகளைத் திருப்பி அனுப்பும் நாளில் அவருக்கும் ஒன்று எழுதித் தருவேன். என் யானை அந்தக் கணக்கில் சேராமல் இருக்க, சத்தத்தைத் தீர்த்தாக வேண்டியிருந்தது.

போன புதன்கிழமை சத்தம் தானாக நின்றது. மூன்று நாள் ஆய்ந்தும் காரணம் பிடிபடவில்லை. சனிக்கிழமை இரவு ஸ்டெப்னி மாற்றப் போனபோதுதான் சீட்டுக்குப் பின்னால் ஜாக்கி இல்லை என்பது தெரிந்தது. யாரோ செவ்வாய்க்கிழமை இரவு கேட்டு வாங்கிப்போயிருக்கிறார்கள், அம்மாதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார், யாரென்று அவருக்கு நினைவில்லை.

வாங்கிப்போனவர் இதைப் படித்தால் ஞாயிறு காலைக்குள் கொண்டுவந்து தரவும். வரும்போது அதைச் சுற்றிக் கட்ட இரண்டு பிடி பனியன் வேஸ்ட்டும் கொண்டுவரவும், கலரே போதும்.